களஞ்சிய வாயிலும் கணினி வாயிலும்

இணையத் தளங்களை நடத்தும் பெருநிறுவனங்களைப் பிற தொழில்களை ஆளும் சட்டங்களைக் கொண்டே ஆளலாமா, அவற்றுக்கெனத் தனிச்சட்டம் வேண்டுமா என்னும் வினா இன்று பல நாடுகளின் நாடாளுமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் எழுந்துள்ளது. புதிய பொருளைப் பற்றிய புதிய வினாவாகவே இது பலராலும் கருதப்படுகிறது. எனினும், கணினி பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே இதே வினா கோதுமையின் வடிவில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாயிலை எட்டியது. 1877ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்ட அவ்வழக்கை அறியாதார்க்கு இன்றைய வாதங்களின் வேர் புலப்படுதல் அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தானிய வாணிகம் என்பது மூட்டை வாணிகமே. உழவன் கட்டிய மூட்டை அவன் பெயரோடு படகேறும்; கூலியாட்களின் முதுகில் ஏறி இறங்கும்; அவனுடைய கோதுமை அவனுடைய கோதுமையாகவே சந்தையை அடையும். 1842இல் பஃபலோ நகரில் ஜோசஃப் டார்ட் என்பார் நீராவிப் பொறியால் இயங்கும் தானியக் களஞ்சியம் ஒன்றை அமைத்தார். வாளிகள் கோத்த நீண்ட பட்டை தானியத்தை அள்ளி மேலே ஏற்றும். அங்கிருந்து அது தொட்டிகளில் கொட்டும். வேண்டும்போது கீழ்மதகைத் திறந்தால் கப்பலுக்குள் வழியும். இம்முறை சிக்காகோ நகரை அடைந்தபோது பெரும் மாற்றம் விளைந்தது. இருப்புப்பாதை வழியே மேற்குப் பகுதிகளிலிருந்து வந்து குவிந்த தானியத்தை மூட்டை மூட்டையாகப் பிரித்து வைத்தல் இயலாதாயிற்று. ஆகவே தரம் பிரித்து, ஒரே தரத்தைச் சேர்ந்த பலருடைய தானியத்தையும் ஒரே தொட்டியில் கலந்தனர். உழவனுக்கோ வணிகனுக்கோ கிடைத்தது ஒரு சீட்டு. இன்ன தரத்தில் இத்தனை புஷல் இவருக்கு உரியது என்று அச்சீட்டு கூறும். அச்சீட்டே பின்னர் கைமாறி விலைபோயிற்று. பொருள் தொட்டியில் கிடக்க, அதனைப் பற்றிய செய்தி சந்தையில் உலவியது. இக்காலத் தொழில்நுட்பத்தின் இயல்பை ஒருவர் இதில் கண்டால் அது மிகையாகாது.

இவ்வமைப்பால் நன்மை பெரிது. செலவு குறைந்தது, நேரம் மிஞ்சியது. ஆனால், மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் தானியம் அனைத்தும் ஒரு குறுகிய வாயிலின் வழியே புகுந்து செல்ல வேண்டியதாயிற்று. 1874இல் அந்நகரில் இத்தொழிலுக்கென இருந்த பெருங்களஞ்சியங்கள் 14. அவற்றைத் தம் ஆளுகையில் வைத்திருந்த நிறுவனங்கள் 9 மட்டுமே. ஆண்டுதோறும் அவை தமக்குள் கூடிப் பேசி, சேமிப்புக் கட்டணத்தை முடிவுசெய்து நாளிதழில் வெளியிட்டன. உழவன் விரும்பினால் கொடுக்கலாம். விரும்பாவிடில் கோதுமையோடு வீடு திரும்பலாம். இத்தகைய விருப்புரிமையை உரிமை எனச் சொல்வது சொல்லுக்கே இழுக்கு.

1867இல் தோன்றிய கிரேஞ்சு என்னும் உழவர் இயக்கம் இக்காலத்தில் நாடெங்கும் வலுப்பெற்றது. இல்லினாய்ஸ் மாநிலம் 1870இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி எழுதியபோது களஞ்சியங்களுக்கென ஒரு தனிப் பகுதியையே சேர்த்தது. 1871இல் இயற்றிய சட்டம், களஞ்சியம் நடத்துவோர் உரிமம் பெறுதல் வேண்டும் என்றது. முதல் 30 நாள்களுக்கு ஒரு புஷலுக்கு 2 சென்ட்டுக்கு மேல் வாங்கலாகாது என உச்சவரம்பு விதித்தது. இவற்றோடு நில்லாது, இருப்புப்பாதை மற்றும் களஞ்சிய ஆணையம் ஒன்றையும் அமைத்தது. தரம் பிரிக்கும் பணி களஞ்சியத்தாரின் கையிலிருந்து அரசு ஆய்வாளரிடம் சென்றது.

மன் அண்டு ஸ்காட் என்னும் நிறுவனம் உரிமம் பெறாமலே தொழில் நடத்தியது. நீதிமன்றம் அதற்கு 100 டாலர் தண்டம் விதித்தது. இவ்வழக்கே மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்று வரலாறு படைத்தது. அந்நிறுவனத்தைப் பற்றிய மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. சீட்டுகளில் எழுதப்பட்ட அளவுக்குத் தொட்டியில் தானியம் இல்லாத நிலையில், தொட்டியின் மேற்பகுதியில் பலகையால் பொய்த்தளம் அமைத்து, அதன்மேல் தானியத்தைப் பரப்பி, பார்வையிட வந்தோர்க்கு நிறைந்த தொட்டியாகக் காட்டினர் அதன் உரிமையாளர்கள். 1872இல் அந்நிறுவனம் நொடித்துப்போனது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைத் தொட்டியின் உரிமையாளர் ஒருவரே அறிவார் என்னும் நிலை எத்துணை இடரானது என்பதற்கு இஃது ஒரு சான்று.

1877இல் தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட் தீர்ப்பை எழுதினார். பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்ட அறிஞர் மேத்யூ ஹேல் துறைமுகங்களைப் பற்றி எழுதியிருந்த கருத்தையே அவர் அடிப்படையாகக் கொண்டார். ஒரு துறைமுகத்தில் ஒரே துறையும் ஒரே பாரந்தூக்கியும் இருந்து, வருவோர் அனைவரும் அதனையே நாட வேண்டியிருப்பின், அஃது ஒருவரின் தனிச்சொத்தாயினும் பொதுநலன் படிந்த சொத்தாகி விடுகிறது. அதன் கட்டணம் நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்பது அக்கருத்து. சிக்காகோவின் களஞ்சியங்கள் வாணிகத்தின் வாயிலில் நின்று கடந்து செல்வோர் அனைவரிடமும் வரி வாங்குகின்றன. ஆகவே மக்களாட்சி அவற்றை ஒழுங்குபடுத்தலாம் எனத் தீர்ப்பாயிற்று.

எதிர்க்குரலும் எழாமல் இல்லை. நீதிபதி ஸ்டீவன் ஃபீல்டு மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மக்களுக்கு அக்கறை உள்ள எந்தத் தொழிலையும் பொதுநலன் படிந்தது எனக் கூறிவிடலாமே. பின்னர் எந்தச் சொத்துதான் சட்டமன்றத்தின் தயவில் இராது என்று அவர் கேட்டார். இவ்வெதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. எல்லை எங்கே என்று கேட்பது நேர்மையான கேள்வி. வெய்ட் அவர்களின் தீர்ப்பிலேயே அதற்கு விடையின் தொடக்கம் இருக்கிறது. தொழில் பெரிதா சிறிதா, புதிதா பழையதா என அவர் பார்க்கவில்லை. அது வாயிலில் நிற்கிறதா, அதனைச் சுற்றிச் செல்ல வேறு வழி உண்டா என்றே பார்த்தார்.

இவ்வழியிலேயே இருப்புப்பாதை நிறுவனங்களும் சட்டத்துக்குள் வந்தன. பெரும் வாடிக்கையாளர்க்கு மறைவில் தள்ளுபடி கொடுத்து, சிறு வணிகரை நசுக்கிய செயல்கள் அக்காலத்தில் மலிந்திருந்தன. ராக்ஃபெல்லரின் எண்ணெய் நிறுவனம் வளர்ந்ததில் இத்தள்ளுபடிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1887இல் அதிபர் கிளீவ்லாந்து ஒப்பமிட்ட சட்டத்தால் மாநிலங்களிடை வாணிக ஆணையம் பிறந்தது. கட்டணத்தை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். ஆளுக்கொரு விலை கூடாது என்பன அதன் உயிர்நாடி. 1910இல் தந்தியும் தொலைபேசியும் அதே ஆணையத்தின் கீழ்ப் பொதுச் சுமப்பாளர் என்னும் வகையில் சேர்க்கப்பட்டன. எவர் வந்தாலும் மறுக்காமல் சுமந்து செல்லும் கடமை உடையவரே பொதுச் சுமப்பாளர் ஆவார்.

தொலைபேசியின் வரலாறு இதனினும் சிக்கலானது. தனிச்சட்டம் வேண்டும் என்போர் அனைவரும் ஊன்றிப் படிக்க வேண்டியது. கிரகாம் பெல் 1876இல் பெற்ற காப்புரிமை 1893இல் முடிவுற்றதும் ஆயிரக்கணக்கான சிறு தொலைபேசி நிறுவனங்கள் தோன்றின. பெல் குழுமமாகிய ஏ.டி.அண்டு.டி. அவற்றைத் தன் தொலைதூரக் கம்பியோடு இணைக்க மறுத்தது. அதனால் மெலிந்தவற்றை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கியது. 1907இல் அதன் தலைமையை ஏற்ற தியடோர் வெயில் ஒரு கூரிய உண்மையை உணர்ந்திருந்தார்: அரசின் மேற்பார்வையை எதிர்த்துத் தோற்பதினும், அதனை வரவேற்று முற்றுரிமையைக் காத்துக்கொள்வதே இலாபம். 1913இல் அரசு வழக்கு நெருங்கியபோது நிறுவனத்தின் துணைத் தலைவர் நேதன் கிங்ஸ்பரி அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தி நிறுவனமாகிய வெஸ்டர்ன் யூனியனை விட்டுவிடுவதாகவும், பிற தொலைபேசி நிறுவனங்களுக்குத் தொலைதூர இணைப்பு வழங்குவதாகவும் அதில் உறுதி கூறப்பட்டது. 1934இல் கூட்டரசுத் தொடர்பு ஆணையம் அமைந்தபோது பெல் குழுமத்தின் முற்றுரிமை ஏறத்தாழச் சட்டத்தின் நிழலிலேயே நிலைபெற்றது.

அந்நிழல் எத்துணை அடர்ந்திருந்தது என்பதை ஒரு சிறு பொருளின் கதை காட்டும். தொலைபேசியில் பேசுவோரின் சொல் அருகிருப்போர்க்குக் கேளாதிருக்கும் பொருட்டு, பேசும் முனையில் மாட்டிக்கொள்ளும் கிண்ணம் போன்ற ஒன்று ஹஷ்-ஏ-போன் என்னும் பெயரில் விற்கப்பட்டது. அதில் கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. அயற்பொருள் எதனையும் தன் கருவியோடு இணைக்கலாகாது என்னும் விதியைக் காட்டி ஏ.டி.அண்டு.டி. அதனைத் தடுத்தது. மக்கள் நலனைக் காக்க அமைந்த ஆணையமோ 1955இல் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. ஒரு கிண்ணத்தால் நாட்டின் தொலைபேசிக் கட்டமைப்பு கெட்டுவிடும் என்று கற்றறிந்தோர் பலர் கூடி முடிவு செய்ததை என்னென்பது! 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளியது. 1968இல் கார்ட்டர்ஃபோன் என்னும் கருவி தொடர்பான முடிவு வந்த பின்னரே பிறர் செய்த கருவிகள் தொலைபேசிக் கம்பியோடு இணைய வழி திறந்தது. கணினியைத் தொலைபேசியோடு இணைத்த மோடம் வீடுகளுக்குள் நுழைந்ததும் அவ்வழியேதான். அத்தடை நீடித்திருக்குமாயின் இணையம் பரவிய கதை வேறாக இருந்திருக்கும்.

இதே குழுமத்தைப் பற்றிய வேறொரு செய்தி இதற்கு நேர்மாறானது. டிரான்சிஸ்டர் 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1956இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஏ.டி.அண்டு.டி. தொலைபேசித் தொழிலுக்கு வெளியே கால் வைக்கலாகாது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தன் காப்புரிமைகளைப் பிற நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட வேண்டும் என்றாயிற்று. மின்னணுத் தொழிலில் புதியோர் பலர் தலைதூக்க இது துணைநின்றது. இறுதியில், 1974இல் தொடுத்த வழக்கின் விளைவாக, 1984 ஜனவரி முதல் நாள் அக்குழுமம் பிரிந்தது. உள்ளூர்த் தொலைபேசித் தொழில் ஏழு வட்டார நிறுவனங்களின் கைக்குச் சென்றது.

ஆக, ஒரே குழுமத்தின் வரலாற்றில் ஒழுங்குமுறை ஒருகால் அரணாகவும் ஒருகால் திறவுகோலாகவும் அமைந்தது. நிறுவனம் நடத்தும் ஒவ்வொரு செயலுக்கும் அரசு இசைவு தரும் முறை, காலப்போக்கில் அந்நிறுவனத்துக்கே மதிலாகியது. இணைப்பைப் பிறர்க்கும் திற என்னும் ஒற்றைக் கட்டளை புதியோர்க்கு இடம் தந்தது. தனிச்சட்டம் வேண்டுமா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எவ்வகைத் தனிச்சட்டம் என்று கேட்டல் இன்றியமையாதது.

இணையம் வந்தபோது காற்று எதிர்த்திசையில் வீசியது. 1991இல் கம்ப்யூசெர்வ் நிறுவனத்தின் மீதான வழக்கில், பிறர் எழுதியதை வெறுமனே தாங்கி நிற்கும் நிறுவனம் அவதூறுக்குப் பொறுப்பாகாது எனத் தீர்ப்பு வந்தது. 1995இல் புராடிஜி நிறுவனத்தின் மீதான வழக்கில், அது தகாத பதிவுகளை நீக்கும் வழக்கம் உடையதால் பதிப்பாளரைப் போலப் பொறுப்பேற்க வேண்டும் என்று வேறொரு நீதிமன்றம் கூறியது. குப்பையை அள்ளுவோர்க்குத் தண்டனை; அள்ளாதார்க்கு விடுதலை என்றாயிற்று. இம்முரணை நீக்கவே 1996இல் கிறிஸ் காக்ஸ், ரான் வைடன் என்னும் இருவர் முயற்சியால் 230ஆம் பிரிவு சட்டமாயிற்று. பிறர் எழுதியதற்குத் தளத்தை நடத்துவோரைப் பதிப்பாளராகக் கருதலாகாது என்பதே அதன் சாரம். நாளிதழுக்கும் நூல் பதிப்பாளருக்கும் இல்லாத பாதுகாப்பு இணையத் தொழிலுக்குக் கிட்டியது. தொழில்நுட்ப நிறுவனங்களை வேறாக நடத்துவதா என்று இன்று வாதிடுவோர் பலர், அவை 1996 முதலே வேறாக நடத்தப்பட்டு வந்துள்ளன என்பதை மறந்துவிடுகின்றனர்.

மலேசியாவும் அந்தக் காற்றுக்கு விலகி நிற்கவில்லை. 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியபோது, அயல்நாட்டு முதலீட்டாளர்க்கு அரசு அளித்த பத்து உறுதிமொழிகளுள் இணையத்தைத் தணிக்கை செய்யாமை என்பதும் ஒன்று. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் மூன்றாம் பிரிவில் அவ்வுறுதி எழுத்துவடிவம் பெற்றது. அதே காலத்தில் இந்நாட்டின் தமிழ் நாளேடுகள் உட்பட அச்சு இதழ்கள் அனைத்தும் 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்து வந்தன. ஆண்டுப் புதுப்பிப்பு முறை 2012இல்தான் நீங்கியது. ஒரே செய்தி தாளில் வந்தால் ஒரு சட்டம், திரையில் வந்தால் மற்றொரு சட்டம் என்ற நிலை பல்லாண்டு நிலவியது.

தொழில்நுட்பம் என்னும் பெயரைச் சூடிக்கொண்டு பழைய தொழிலின் கடமைகளிலிருந்து நழுவும் முயற்சியும் இக்காலத்தில் பெருகிற்று. ஊபர் நிறுவனம் தான் வண்டி ஓட்டும் தொழிலில் இல்லை. ஓட்டுநரையும் பயணியையும் இணைத்து வைக்கும் இடையீட்டாளர் மட்டுமே என வாதிட்டது. 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதனை ஏற்காது, அது போக்குவரத்துச் சேவையே என்று கூறிவிட்டது. மலேசியாவும் அதே 2017இல் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி இத்தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஓட்டுநர்கள் பொதுப்பயணி வாகன உரிமம் பெறுதல் 2019இல் கட்டாயமாக்கப்பட்டது. நெடுங்காலமாக உரிமம், காப்புறுதி, வண்டிப் பரிசோதனை என அனைத்துக்கும் செலவழித்து வந்த டாக்சி ஓட்டுநர்க்கு இஃது ஓரளவேனும் நியாயம் செய்தது. பயணியின் உயிர், வண்டியை அழைத்தது கையசைவா கைப்பேசியா என்பதைப் பொறுத்து மலிந்துவிடுவதில்லை.

வாயிற்காவலின் சிக்கலோ அத்திருத்தத்தால் தீரவில்லை. 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, அதில் 27.5 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றுக்கொண்டது. நேற்றுவரை போட்டியிட்ட இருவர் ஒருவரானார்கள். சிங்கப்பூரின் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் ஆராய்ந்து, அதன்பின் பயணிகள் உண்மையில் செலுத்திய கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி தண்டம் விதித்தது. ஓட்டுநரைத் தன்னிடம் மட்டுமே கட்டிப்போடும் ஒப்பந்தங்களை நீக்கவும் ஆணையிட்டது. தண்டத்தை விட இவ்வாணையே மேலானது என்று கொள்ளல் தகும். 1968ஆம் ஆண்டின் கருவி முடிவைப் போல, இதுவும் மாற்றாருக்கு வழி திறக்க முயன்றது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்ணிமச் சந்தைச் சட்டம் அச்சொல்லையே எடுத்தாண்டு சில நிறுவனங்களை வாயிற்காப்போர் என்று அழைக்கிறது. 2023 செப்டம்பரில் ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மேட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகிய ஆறும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. கணினித் தொழில் செய்வோர் அனைவரையும் அச்சட்டம் தொடவில்லை. ஈப்போவில் நான்கு பேர் சேர்ந்து செயலி எழுதும் சிறு நிறுவனமும் உலகத்தின் தேடுபொறியும் ஒரே இனம் என்று கொள்வது, தெருவோரக் கடையும் சிக்காகோ களஞ்சியமும் ஒன்று என்பதற்கு ஒப்பாகும். ஃபீல்டு கேட்ட எல்லை பற்றிய கேள்விக்கு இவ்வகைச் சட்டமே ஓரளவு விடை தருகிறது. மோசடி, தொழிலாளர் நலன், வரி, பயணியின் காப்பு ஆகியவற்றில் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு எவ்விதச் சலுகையும் தேவையில்லை. பிறர்க்குள்ள சட்டமே போதும். வாயிலில் நிற்போர்க்கு மட்டும் கூடுதல் கடமை வேண்டும்.

கோதுமைக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு என்பதையும் மறத்தலாகாது. களஞ்சியக் கட்டணத்தை அரசு வரையறுத்தால் எவருடைய நாவும் கட்டுண்பதில்லை. மக்கள் பேசும் தளத்துக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ஆட்சியாளரிடம் இருந்தால், உரிமத்தைக் காட்டிப் பேச்சையும் அடக்கும் ஆசை எழக்கூடும். அச்சு இதழ்களின் வரலாற்றை அறிந்த இந்நாட்டு எழுத்தாளர்க்கு இவ்வச்சம் கற்பனையன்று. தளத்தின் கட்டமைப்பு, கட்டணம், கணக்கு, குழந்தைகளின் காப்பு இவற்றை ஆளும் விதி வேறு. இன்ன கருத்தை நீக்கு எனக் கட்டளையிடும் விதி வேறு. இவ்விரண்டும் ஒரே அதிகாரியின் மேசையில் சேரும் இடத்தில் நீதிமன்றத்தின் கண் விழித்திருத்தல் வேண்டும்.

2025 ஜனவரி முதல் நாள், மலேசியாவில் 80 லட்சமும் அதற்கு மேலும் பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களும் செய்தி அனுப்பும் சேவைகளும் உரிமம் பெற வேண்டும் என்னும் விதி நடப்புக்கு வந்தது. வீசாட், டிக்டாக் இரண்டும் உரிமம் பெற்றன. டெலிகிராமின் விண்ணப்பம் இறுதிக் கட்டத்தில் இருந்தது. எக்ஸ் நிறுவனமோ இந்நாட்டில் தன் பயனர் தொகை 80 லட்சத்தை எட்டவில்லை என்று கூறி விண்ணப்பிக்கவில்லை. தொடர்பு, பல்லூடக ஆணையம் அக்கூற்றின் உண்மையை ஆராயப்போவதாக அறிவித்தது. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை உரிமையாளரின் வாய்மொழியைக் கொண்டே அறிய வேண்டிய நிலை மீண்டும் எழுந்தது. 1871ஆம் ஆண்டின் இல்லினாய்ஸ் சட்டம் உரிமத்தோடும் உச்சவரம்போடும் நில்லாமல், அரசு ஆய்வாளரைக் களஞ்சியத்துக்குள் அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் தளங்களின் பயனர் தொகையை வெளியிடுமாறு 2023இல் கட்டாயப்படுத்தியதோடு, மிகப் பெரிய தளங்கள் வெளித் தணிக்கைக்கும் உட்பட வேண்டும் என்றது. பலகையின் கீழே பார்க்கத் தெரிந்த ஆய்வாளரை உருவாக்கும் பணி இந்நாட்டின் பல்கலைக்கழகங்களையும் சட்டத் துறையையும் இனிமேல் எதிர்நோக்கியுள்ளது. கணிதமும் கணினியும் கற்கும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுள் சிலரும் அவ்விருக்கையில் அமரக்கூடும்.